சாதுக் காய்ச்சல்

காய்ச்சலுக்கு நாள் கணக்கில் பேர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இன்று வந்து, நாளை விட்டு, மறுநாள் அதே வேளைக்கு வந்தால் முறைக்காய்ச்சல். இரண்டு நாள் விட்டு வந்தால் நாலாமுறைக் காய்ச்சல். விடாமல் அடித்து ஆளைப் புரட்டினால் மலைக்காய்ச்சல். கொல்லிமலை அடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவரைக் கேட்டாலும் இந்த மூன்றையும் பிசகாமல் சொல்லுவார். நான் அதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தவன். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் பழகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் கண் கூர்மையானதைவிடத் தலைக்கனம் ஏறியதுதான் அதிகம்.

சேந்தமங்கலத்தில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து எங்கள் மலேரியா நிலையத்தை வைத்திருந்தார்கள். ஒரு டாக்டர், ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்து வரும் ஓர் ஆள், அந்த ரத்தத்தைப் பார்க்கும் நான். டாக்டர் மாதத்தில் பாதி நாள் முகாமில் இருப்பார். ரத்தம் எடுக்கும் ஆள் சைக்கிளில் போய், வீட்டுக்கு வீடு விரல் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, காய்ந்ததும் அதன்மேலேயே பென்சிலால் எண் எழுதி, மரப்பெட்டியில் அடுக்கிக் கொண்டு வருவார். நான் அதற்குச் சாயம் ஊற்றி, கழுவி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வெயிலைக் கண்ணாடியில் பிடித்துப் பார்ப்பேன். மின்சாரம் கிடையாது. மேகம் மூடினால் எங்கள் விஞ்ஞானமும் மூடிக்கொள்ளும்.

மலேரியாவை உண்டாக்குவது செடியுமல்ல, புழுவுமல்ல. ஒரே செல்லால் ஆன உயிர். அந்த இனத்துக்குப் பிளாஸ்மோடியம் என்று பேர். அதில் மனிதனைப் பிடிப்பவை எங்கள் ஜில்லாவில் மூன்று வகை. நாலாவது ஒன்று ஆப்பிரிக்காவில் இருப்பதாக டாக்டர் சொன்னார். இருக்கிற மூன்றே போதும் என்று நான் அதைப் படிக்கவில்லை. வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு ஊதிப் பெருத்து வெளுத்துப்போகும். சாயம் போட்டால் அதன்மேல் வேர்க்குரு போலச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். மலேரியே என்பது புகுந்த அணு பெருக்காது. உள்ளே இருப்பது அரைஞாண் கட்டியதுபோலக் குறுக்கே பட்டையாகக் கிடக்கும். மூன்றாவது பால்சிபாரம். அதன் இளசுகள் மெல்லிய வளையங்கள். ஓர் அணுவுக்குள்ளேயே இரண்டும் மூன்றுமாக நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். நாள்பட்டால் பிறை வடிவத்தில் சில வரும். பிறையைப் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகத்துக்கு இடமில்லை.

ரிஜிஸ்தரில் இங்கிலீஷில் இரண்டெழுத்து எழுதுவோம். எங்களுக்குள் பேச, வைவாக்ஸுக்குச் சாது என்றும் பால்சிபாரத்துக்குத் துஷ்டன் என்றும் பேர். இது எங்கள் குறும்பு மட்டுமல்ல. புஸ்தகத்திலேயே ஒன்றை நல்ல மாதிரி என்றும் மற்றதைப் பொல்லாதது என்றும்தான் பிரித்து வைத்திருந்தார்கள். சாது ஆளை மாதக்கணக்கில் ஆட்டி வைக்கும், கொல்வது அபூர்வம். துஷ்டன் மூளைக்கு ஏறினால் இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். ரத்தம் எடுக்கும் ஆள் என்னைச் சீண்டுவதற்காக, "சாது மிரண்டா காடு கொள்ளாதுங்க" என்பார். "நீங்க சைக்கிளைப் பாருங்க, ரத்தத்தை நான் பாத்துக்கறேன்" என்பேன்.

ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்த பிறகு இந்தப் பிரிவினை வெறும் படிப்பு விஷயமாக இல்லாமல் போயிற்று. மலேரியாவைக் கட்டுப்படுத்தும் கொயினா மருந்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அது நின்றது. இருந்ததும் பட்டாளத்துக்குப் போயிற்று. எங்கள் அலமாரியில் ஒரு தட்டுதான் மிச்சம். துஷ்டனுக்கு மட்டும் கொயினா, மற்ற இரண்டுக்கும் அதைவிட மட்டமான சின்கோனாத் தூள் கொஞ்சம், அதுவும் இருந்தால், என்று டாக்டர் உத்தரவு போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆக, யாருக்குக் கொயினா, யாருக்கு இல்லை என்பதை ஜன்னலோரத்தில் நான் எழுதும் இரண்டெழுத்து தீர்மானித்தது. அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த வயதில் இதை ஒளிப்பதில் பயனில்லை.

என் அக்காவை நிலையத்திலிருந்து ஆறு மைல் தள்ளி ஒரு தோட்டத்து வீட்டில் கொடுத்திருந்தோம். நாங்கள் ராசிபுரத்துக்காரர்கள். எங்கள் தெருவில் இந்தக் காய்ச்சல் அவ்வளவாகக் கிடையாது. அவள் வாழப்போன ஊரில் வாய்க்கால் இருந்தது, கைவிட்ட கிணறுகள் இருந்தன, கொசு இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சின்ன வயதிலிருந்து காய்ச்சலில் அடிபட்டு அடிபட்டு ஓரளவு தாங்குவார்கள். வெளியிலிருந்து போனவர்களுக்குத் தாங்காது. கல்யாணமாகி ஐந்து வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றி, அப்போதுதான் அவளுக்கு வயிற்றில் தங்கியிருந்தது. ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அவள். அவளைவிட எனக்கு வேண்டியவர்கள் அந்த உலகத்தில் யாரும் இல்லை.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் அந்த ஊரில் காய்ச்சல் கிளம்பிற்று. அக்காவுக்கும் வந்துவிட்டது என்று ஆள் மூலம் சேதி வந்தது. எங்கள் ஆளை உடனே அந்த ஊருக்கு அனுப்பத் தீர்மானித்தேன். ஆனால் அந்தப் பக்கத்தில் விரல் குத்த விடமாட்டார்கள். சர்க்கார்க்காரன் ரத்தத்தை எடுத்துச் சண்டைக்கு அனுப்புகிறான் என்றுகூடப் பேச்சு. அதனால் மச்சானுக்கு ஒரு சேதி சொல்லியனுப்பினேன். எங்கள் ஆள் வருவார், வீட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் விரல் கொடுக்க வேண்டும், என் அக்கா வீட்டிலேயே மறுத்தால் மற்ற வீட்டில் யார் கொடுப்பார்கள், என் மானம் போய்விடும் என்று. சம்பந்தி வீட்டுப் பிள்ளை வாய்விட்டு ஒன்று கேட்டால் இல்லை என்பது அங்கே நடக்காத காரியம். அது தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

பெண்களிடம் ரத்தம் எடுக்க எங்கள் ஆள் ஒரு முறை வைத்திருந்தார். அந்நிய ஆண்முன் அவர்கள் வரமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று இடது கையை மட்டும் வெளியே நீட்டுவார்கள். வீட்டு ஆம்பிளை இன்னாருடைய கை என்று பேர் சொல்லுவார். இவர் குத்தி, எண்ணிட்டு, நோட்டில் பேர் எழுதிக்கொள்வார். அன்றைக்கு மச்சான் காட்டுக்குப் போயிருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் என் அக்காவின் பேரைச் சொல்லிற்று, மற்றவர்கள் காட்டில் இருக்கிறார்கள் என்றது. வளையல் போட்ட கை ஒன்று வந்தது. அவர் குத்திக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் பெட்டியில் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அக்காவின் ஸ்லைடைத்தான் முதலில் எடுத்தேன். வெகுநேரம் தேடியும் ஒன்றும் தென்படவில்லை. பிறகு ஒன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அணு பெருத்திருந்தது, வெளுத்திருந்தது, அதன்மேல் சிவப்புப் புள்ளிகள் தூவியிருந்தன. வைவாக்ஸ்தான். வளையம் இருக்கிறதா, பிறை இருக்கிறதா என்று ஸ்லைடு முழுவதையும் மூலைக்கு மூலை தேடினேன். இல்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவளின் ரத்தத்தில் இத்தனை குறைவாகவா இருக்கும் என்று ஒரு கேள்வி மனதில் வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் தள்ளினேன். ரிஜிஸ்தரில் எழுதிவிட்டு எழுந்து வாசலில் போய் நின்றேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு அறிந்ததில்லை.

சாயங்காலம் வாடகைச் சைக்கிளில் அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் கயிற்றுக் கட்டிலில் கம்பளி போர்த்திக் கிடந்தாள். கண்ணில் லேசாக மஞ்சள் பாய்ந்திருந்தது.

"வந்துட்டியா கண்ணு. சாப்புட்டியா?" என்றாள்.

"அது கெடக்குட்டும். காச்சல் எத்தனை நாளைக்கொருக்கா வருது?"

"எங்கடா உடுது? தெனமும்தான். தலை வெடிச்சிரும்போல இருக்குது."

"உன்ற ரத்தத்தை நானே பாத்தேன். பயப்படற வகை இல்ல அக்கா. சாது வகை. ஆட்டும், போயிரும்."

"என்ற ரத்தத்தை எப்படா எடுத்தே?" என்றாள்.

நான் சிரித்தேன். காய்ச்சல் மயக்கத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அக்காவின் மாமியார் கஞ்சியோடு நிலைப்படியில் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கடலைக்காட்டில் ஆம்பிளைக்குச் சமமாக வேலை செய்கிறவர். மருமகள் உண்டான நாளிலிருந்து அவளைக் குடம் தூக்க விட்டதில்லை. "எடுத்தாங்க கண்ணு, நீ அசந்து கெடந்தே" என்றார்.

தினமும் வருகிற காய்ச்சல் எப்படிச் சாதுவாகும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் புஸ்தகத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது. வைவாக்ஸில் இரண்டு கூட்டம் உடம்புக்குள் புகுந்து, நாள் மாற்றி நாள் பழுத்தால், முறைக்காய்ச்சலே தினமும் வருவதாகத் தெரியும். அந்த வரியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மஞ்சள் கண்ணுக்கும் ஏதோ ஒரு வரி கிடைத்தது. அரைகுறைப் படிப்புக்கு இது ஒரு வசதி. எதற்கும் ஒரு சமாதானம் அகப்படும்.

"கொயினா வேணுமுங்களா சாமி? அது சூடுங்கறாங்களே, புள்ள தங்காதுங்கறாங்களே" என்று மாமியார் கேட்டார்.

"வேண்டாமுங்க அத்தை. இந்த வகைக்கு அது தேவையில்லீங்க. பிரசவம் முடியட்டும், பாத்துக்கலாம்."

அவருக்கு முகம் தெளிந்தது. நான் ஆறு பொட்டலம் தூளைக் கொடுத்துவிட்டு, அவர் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

நாலாம் நாள் உச்சிவேளையில் மச்சான் நிலையத்துக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"மாப்ள, உங்கக்கா என்னைய ஆருங்கறா" என்றார்.

டாக்டர் முகாமில் இருந்தார். அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது. யாரையும் கேட்காமல் கொயினா ஊசி மருந்தை எடுத்தேன், ஊசியை எடுத்தேன், பழக்க தோஷத்தில் ஸ்லைடுகளையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஆறு மைலும் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

அக்காவின் கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. கண் மேலே செருகியிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், தெரியவில்லை. ஊசி கொதிக்கிற நேரத்தில் அவள் விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று குத்தும் ஊசியை எடுத்தேன். மாமியார் என் கையைப் பிடித்தார்.

"வெரல்ல குத்தாதீங்க சாமி. ரத்தம் சிந்தவேண்டாமுங்க. உள்ள புள்ள இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. "போன வாரம் குத்துனாங்களே அத்தை, அப்ப என்ன ஆயிருச்சு?"

"அப்ப அவளைக் குத்தலீங்க. நாந்தான் கையை நீட்டுனேன்."

அவர் அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னார். "நீங்க சொல்லியுட்டீங்க, ஊட்டுல ஒருத்தர் உடாம குடுக்கோணும்னு. சம்பந்தி ஊட்டுப் புள்ள மொதல்மொதல்ல ஒண்ணு கேட்டு இல்லைங்க முடியுமுங்களா? புள்ளத்தாச்சியைக் குத்தறதுக்கும் மனசு வரல. ஒரே ஒலையில வெந்த சோத்தைத்தானுங்க ரெண்டு பேரும் திங்கறோம். ரத்தம் மட்டும் வேறயாவா இருக்கப்போவுது?"

அக்காவின் விரலைக் குத்தி ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து வைத்தேன். ஊசியைப் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து, போடலாமா கூடாதா என்று தெரியாமலே இன்னொன்றும் போட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளை வெளியே வந்தது. ஆண் பிள்ளை, உயிர் இல்லை. மறுநாள் மாடு கறக்கிற வேளைக்கு அக்காவும் போய்விட்டாள். கடைசி வரைக்கும் என்னை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை.

எல்லாம் முடிந்து நிலையத்துக்குத் திரும்பியதும், அன்று அவள் விரலில் எடுத்திருந்த ரத்தத்துக்குச் சாயம் போட்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. தேடவே வேண்டியிருக்கவில்லை. கண் வைத்த இடமெல்லாம் வளையங்கள். ஓர் அணுவுக்குள் மூன்று நாலு. ஒரு ஓரத்தில் இரண்டு பிறைகள். படம் போட்டுப் பாடம் நடத்தலாம், அவ்வளவு தெளிவு. ரிஜிஸ்தரைத் திறந்து அக்காவின் பேருக்கு நேரே இருந்ததை அடித்துவிட்டு, அதை மாமியாரின் பேருக்கு மாற்றி எழுதினேன். அக்காவின் பேருக்கு நேரே சரியானதை எழுதினேன்.

ரத்தம் எடுக்கும் ஆள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நான் கையைத்தானுங்க பாக்க முடியும், மொகத்தைக் காட்டுங்கம்மான்னு கேக்க முடியுமுங்களா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் வந்ததும் இரண்டு ஸ்லைடையும் பார்த்தார். நான் படித்ததில் தவறில்லை, கை மாறியதுதான் தவறு என்றார். கேட்காமல் அலமாரியைத் திறந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த மாதத்தைக் கடத்தினேன். நான் படித்ததில் தவறில்லை. போகிற இடத்திலெல்லாம் இதைச் சொன்னேன். ராசிபுரத்தில் அப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் அந்தச் சம்பந்தி வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கவேயில்லை.

நான் மட்டும் போனேன். தை மாதம் ஒருநாள் போனபோது அந்த அம்மாள் அதே கயிற்றுக் கட்டிலில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். மச்சான் சொன்னார், ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானத்துக்கு வருகிறதாம். அவர் ரத்தம் சொன்னபடியே வந்திருந்தது. அதற்காகவே ஒரு பொட்டலம் சின்கோனாத் தூள் கொண்டுபோயிருந்தேன். நடுக்கம் அடங்கி வேர்க்கிற வரை காத்திருந்து அதை நீட்டினேன். வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ற ரத்தத்தைப் பாத்துத்தான் அவளுக்குக் கொயினா வேண்டாம்னீங்களா சாமி?"

யாரோ அவருக்கு விவரம் சொல்லியிருக்க வேண்டும். யார் சொன்னால் என்ன, ஊரெல்லாம் சொல்லிவைத்தவன் நான்தான்.

"ஆமாங்க அத்தை" என்றேன்.

"எனக்கு இருக்கறது ஆளைக் கொல்லாதுங்களா?"

"கொல்லாதுங்க."

"அப்ப இருந்துட்டுப் போவுதுங்க. அவளுக்கு எட்டாத மருந்து எனக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அதற்கப்புறம் நாலு வருஷம் நான் அந்தப் பக்கம் வேலை பார்த்தேன். சண்டை முடிந்து மருந்து தாராளமாக வந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் கொண்டுபோவேன். மச்சான் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் ஒரு மாத்திரையைக்கூடத் தொடவில்லை. மழைக்காலம் வந்தால் காய்ச்சல் வரும், விடும், மறுபடி வரும். மண்ணீரல் வீங்கி வயிறு ஒரு பக்கம் இறுகிப்போயிற்று. கடலைக்காட்டுக்குப் போவது நின்றது. வேலையில்லாத கையோடு வெயிலில் உட்கார்ந்திருப்பார். சாது ஆளைக் கொல்லாது என்று நான் சொன்னது உண்மை. கொல்லாமல் நாலு வருஷம் வைத்திருந்தது. ஐந்தாம் வருஷம் வேறு ஏதோ ஒரு வயிற்றுப்போக்கில் போனார். தாங்க உடம்பில் ஒன்றும் இல்லை.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த ஸ்லைடில் கிருமி மிகக் குறைவாக இருந்ததை நான் பார்த்தேன். தினமும் காய்ச்சல் என்று அக்கா சொன்னதைக் கேட்டேன். ரத்தம் எப்போது எடுத்தாய் என்று அவள் கேட்டதற்குச் சிரித்தேன். ஆடு மேய்க்கிறவராக இருந்தால் விடாமல் அடிக்கிறது என்ற ஒரு சொல்லிலேயே அது எந்தக் காய்ச்சல் என்று சொல்லியிருப்பார். கை மாறியது அந்த அம்மாள் செய்தது. மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியவன் நான். இதை நான் அவரிடம் சொல்லியிருந்தால் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டிருப்பார். நாலு வருஷமும் சொல்லவில்லை.